கறுத்த பின் தெரியும் உருக்கு

வாழைக்காயோ ஈரப்பலாக்காயோ வெட்டிய இரும்புக் கத்தியைக் கழுவாமல் வைத்தால் சற்று நேரத்தில் அலகு கறுத்துவிடும். தேசிக்காய் அரிந்தால் புளி பட்ட இடத்தில் சாம்பல் நிறத் திட்டு விழும். அடுப்படியில் இருப்பவர்கள் அதைச் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்துப் பழைய வெள்ளைக்குக் கொண்டுவருவார்கள்; அதற்கும் அலுத்தவர்கள் ஸ்டெயின்லெஸ் கத்திக்கு மாறிவிட்டார்கள். காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் புதுப் பொருள்தான் அந்தக் கறுப்பு. கடுக்காயோடு அன்னபேதி கலந்து மை காய்ச்சியதும் இதே விதிப்படிதான். புளிப்போ துவர்ப்போ பட்டால் இரும்பு மறுமொழி சொல்கிறது. எல்லா இரும்பும் ஒரே மறுமொழியைச் சொல்வதில்லை. பல வகை இரும்பை அடுக்கி, உலையில் ஒட்டி, கையால் அடித்துச் செய்த கத்தியைக் கடைசியில் அமிலத்தில் முக்கி எடுப்பது இந்த வேற்றுமையை நம்பித்தான். அப்போது அலகில் நீரோட்டம் போலக் கோடுகள் தோன்றும். சிலர் அதை அலங்காரம் என்று எண்ணி அதிக விலை கொடுக்கிறார்கள், சிலர் வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குகிறார்கள். இரு சாராரும் பிழையாகப் பார்க்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். அமிலம் அலகில் எதையும் வரைவதில்லை. கொல்லர் உள்ளே செய்ததை வெளியே எடுத்து வைக்கிறது. கைக்கத்தி வாங்குபவர் தன் கண்ணாலேயே அதன் தரத்தைச் சோதிக்க அது வழி திறக்கிறது.

கத்தியை ஏன் அடுக்கிச் செய்ய வேண்டும்? இரும்பின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதில் கலந்துள்ள கரியின் அளவு. கரி மிகக் குறைந்த பச்சிரும்பு வளையும், நசுங்கும், ஆனால் எளிதில் உடையாது. கூர் மட்டும் நிற்காது. நூற்றுக்கு 0.7 முதல் 1 பங்கு வரை கரி உள்ள உருக்கைச் சுமார் 800 பாகை சென்டிகிரேட்டுக்குக் காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று முக்கித் தோய்ச்சல் கொடுத்தால் அரம் வழுக்கிப் போகும் அளவுக்குக் கடினமாகும். கூடவே கண்ணாடி போல நொறுங்கும் குணமும் வந்துவிடும். பிறகு 200 பாகை அளவில் மறுபடி சூடாக்கிப் பதத்தைச் சற்று இறக்கினால்தான் அது புழக்கத்துக்கு ஆகும். கூரும் வேண்டும், உடையாத உறுதியும் வேண்டும் என்றால் இரண்டு இரும்பையும் ஒரே அலகில் சேர்ப்பது ஒரு நல்ல தீர்வு. ரொட்டிக்கு நடுவே சம்பல் வைப்பதுபோல உருக்குப் பட்டையை நடுவில் வைத்து, இரு பக்கமும் பச்சிரும்பால் மூடி, வெண்காரம் தூவி, மஞ்சள் வெளுக்கும் சூட்டில் சம்மட்டியால் அடித்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். சாணை பிடிக்கும்போது வாயில் மட்டும் உருக்கு எட்டிப் பார்க்கும். ஜப்பானியச் சமையல் கத்திகளிலும் சுவீடனின் மோரா கத்திகளிலும் இந்த முறை உண்டு. உருக்கு அரிதாகவும் விலை கூடியதாகவும் இருந்த காலத்தில், கோடரிக்கும் அரிவாளுக்கும் வாயில் மட்டும் உருக்கு வைத்து அடித்த ஊர்க் கொல்லர்களின் சிக்கனமும் இதே வழியில் பிறந்ததுதான். மூன்று அடுக்கோடு நிறுத்தாமல் மடித்து மடித்து நூற்றுக்கணக்கில் அடுக்குவதும் உண்டு. அங்கே நோக்கம் பெரும்பாலும் கோலம்தான்.

சிக்கல் என்னவென்றால், பளபளவென்று தேய்த்து முடித்த அடுக்குக் கத்தியும் ஒரே இரும்பில் செய்த கத்தியும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். நடுவில் உருக்கு இருக்கிறதா, எங்கே இருக்கிறது, ஒட்டு முழுமையாகப் பிடித்ததா என்பதெல்லாம் மெருகுக்குள் ஒளிந்துகொள்ளும். அதை வெளிக்கொணர அமிலமாக இன்று கத்தி செய்பவர்கள் பெரும்பாலும் கையாளும் ஃபெரிக் குளோரைடு உண்மையில் ஓர் இரும்பு உப்பு. மின்சுற்றுப் பலகைகளில் தாமிரத்தை அரிக்கவும் அதையே பயன்படுத்துகிறார்கள். ஒரு பங்கு கரைசலை மூன்று நான்கு பங்கு தண்ணீரில் கலந்து, பிளாஸ்டிக் குழாயில் நிரப்பி, அலகைச் சில நிமிடங்கள் தொங்கவிடுவார்கள். பச்சிரும்பு வெளிறிய சாம்பல் நிறத்தில் நிற்கும். தோய்ச்சல் ஏறிய உருக்கு அதைவிடக் கறுக்கும். இடையே நிக்கல் கலந்த தகடு இருந்தால் அது அமிலத்துக்கு எளிதில் அசையாமல் வெள்ளிக் கம்பிபோல மின்னும். உருக்கும் பச்சிரும்பும் சந்திக்கும் இடத்தில் ஒரு மங்கலான பட்டையும் தெரியும். ஒட்டும் சூட்டில் கரி, மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குக் கசிந்து நகர்ந்ததன் தடம் அது. உலைக்குள் நடந்த ஒன்றைக் குளிர்ந்த பிறகு வெறுங்கண்ணால் பார்க்க முடிகிறது!

இந்தக் கோடுகளை வாசிக்கத் தெரிந்தவருக்குக் கத்தியின் குறைகளும் தெரியும். வாயையொட்டி ஓடும் கறுப்புப் பட்டை அடியிலிருந்து முனை வரை தொடர்ந்து போனால் நடு உருக்கு சரியாக அமைந்திருக்கிறது. ஓரிடத்தில் அந்தப் பட்டை மெலிந்து மறைந்து, வெளிறிய இரும்பு வாய்வரை இறங்கினால், அந்த ஒரு விரற்கடை நீளத்தில் கூர் நிற்காது. எத்தனை முறை தீட்டினாலும் மழுங்கும். ஒரு பக்கத்தில் பட்டை அகலமாகவும் மறுபக்கத்தில் ஒடுங்கியும் இருந்தால், சாணையில் கை சாய்ந்திருக்கிறது அல்லது அடிக்கும்போது நடு உருக்கு ஒதுங்கியிருக்கிறது. தலைமயிர் போன்ற மெல்லிய கருங்கோடு அடுக்குகளுக்கிடையே தெரிந்தால் அங்கே ஒட்டுப் பிடிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அமிலம் அந்த இடுக்கில் புகுந்து அதைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கும். அமிலத்தில் முக்காமல் விற்றிருந்தால் இவற்றில் எதுவும் வாங்கியவருக்குத் தெரிந்திருக்காது, விறகு பிளக்கும்போது அலகு பிரியும் நாள் வரை.

அமிலத்துக்கு முந்திய தேய்ப்பு வேலைக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். தோய்ச்சல் முடிந்த அலகை 120ஆம் இலக்க உப்புத்தாளில் தொடங்கி 220, 400, 600, 800 என்று படிப்படியாக மென்மையான தாளுக்குப் போக வேண்டும். தாளை வெறும் விரலால் அழுத்தினால் அலகு அலையலையாகிவிடும் என்பதால் தட்டையான கட்டையில் சுற்றித் தேய்ப்பார்கள். ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குக் குறுக்கான சாய்வில் ஓட்டினால்தான் பழைய கீறல் முழுதும் போனதா என்று தெரியும். கடைசித் தாளை அடியிலிருந்து முனைக்கு ஒரே போக்கில் இழுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டவரை அமிலம் காட்டிக்கொடுத்துவிடும். பளபளப்புக்கு நடுவே கண்ணுக்குப் படாமல் தப்பிய கீறல், முக்கி எடுத்ததும் கருங்கோடாக எழுந்து நிற்கும், மறுபடி தேய்ப்பதிலிருந்து தொடங்க வேண்டிவரும். விரல் பட்ட எண்ணெய்ப் பசை அசிற்றோனால் துடைக்கப்படாமல் இருந்தால் அங்கே கைரேகை தெரியும். முக்குவதும், மேலே படியும் கரிப்பொடியை நுண்தாளால் துடைப்பதும், மறுபடி முக்குவதுமாகப் பல சுற்றுப் போகும். கடைசியில் அப்பச்சோடாக் கரைசலில் அமிலத்தை முறித்து, கழுவி, ஈரம் போக உலர்த்தி, எண்ணெய் பூசி, பிறகே வாயைத் தீட்ட வேண்டும். அமிலம் கூரையும் அரித்திருக்கும் என்பதால் தீட்டல் கடைசியில்தான் வரும்.

அமிலச் சோதனை வெறும் பட்டறைப் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு அறிவியல் வரலாற்றில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. இரும்புக்கும் உருக்குக்கும் என்ன வித்தியாசம் என்பது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஐரோப்பாவில் தெளிவாகவில்லை. சுவீடனின் ஸ்வென் ரின்மான், கோலம் தெரியும் துப்பாக்கிக் குழல்களைச் செய்யும் வழியைத் தேடியபோது இரும்பையும் உருக்கையும் அமிலத்தால் அரித்துப் பார்த்து, 1774இல் அதைப் பற்றி எழுதினார். உருக்கை அரித்தபோது ஒரு கறுப்பு மிச்சம் தங்கியது, மென்மையான இரும்பில் அப்படித் தங்கவில்லை. அவர் நாட்டவரான டோர்பெர்ன் பெர்க்மன் 1781இல் அந்த மிச்சத்தைக் கணக்கிட்டு இருவகை இரும்பையும் பிரித்துக் காட்டினார். உருக்கை உருக்காக்குவது கரிதான் என்ற உண்மை இந்த வழியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1860களில் ஷெஃபீல்டின் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி, தேய்த்து மெருகிட்டு அமிலம் தொட்ட உருக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, உலோகத்தின் உள்ளமைப்பை ஆராயும் தனித் துறைக்கே அடித்தளமிட்டார். இன்றைய உலோகவியல் ஆய்வுகூடம் உடைந்துபோன ஒரு தண்டவாளத்தைப் பரிசோதிக்கும்போது செய்வதும் அதே தேய்ப்பு, அதே முக்குதல்தான். கத்திக்காரரின் கடைசி வேலையும் உலோகவியலாரின் முதல் வேலையும் ஒன்று.

இந்த விஷயத்தை ஹல்துமுல்லையிலிருந்து பேசுவதற்கு வலுவான காரணம் உண்டு. பதுளை மாவட்டத்தின் தென்மேற்கு விளிம்பில், மலை சட்டென்று சரிந்து சமவெளியில் இறங்கும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். இங்கிருந்து தென்மேற்கே, இரத்தினபுரி மாவட்டத்துக்குள், சமனல வாவி நீர்த்தேக்கம். வளவை கங்கைக்குக் குறுக்கே அந்த அணை எழுந்த காலத்தில் அப்பகுதியை ஆராய்ந்த பிரித்தானியத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப், மேற்கு நோக்கிய மலைமுகடுகளில் இரும்பு உருக்கிய உலைகளை எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் கண்டறிந்தார். துருத்தி இல்லாத உலைகள் அவை. தென்மேற்குப் பருவக்காற்று முன்சுவரின் மேலால் பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்து, சுவரின் அடியில் வரிசையாகப் பதித்த மண்குழல்கள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். காற்றை மட்டும் நம்பி இரும்பு உருக்க முடியாது என்பதே அதுவரை அறிஞர்களிடையே நிலவிய எண்ணம். ஜூலெஃப் அதே இடத்தில் அதே வடிவில் உலை கட்டி, பருவக்காற்றில் மூட்டி, இரும்பு எடுத்துக் காட்டினார். 1996 ஜனவரியில் 'நேச்சர்' ஆய்விதழ் அதை வெளியிட்டது. கிறிஸ்துவுக்குப் பிந்திய முதல் ஆயிரமாண்டில் அங்கே பெருமளவில் இரும்பு எடுக்கப்பட்டது. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை தனி மணம் தருவதும் இதே தென்மேற்குக் காற்றுதான். மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்து வரும் அந்தக் காற்றைக் கிழக்கே கச்சான் என்பார்கள். தேயிலை வருவதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே இந்த மலைவிளிம்பில் அந்தக் காற்றுக்கு வேலை இருந்தது.

அங்கே உருவானது வெறும் பச்சிரும்பு மட்டுமல்ல. அந்த உலைகளில் கரி மிகுந்த உருக்கும் நேரடியாகக் கிடைத்தது. அப்பகுதியில் மூசையில் உருக்குக் காய்ச்சும் மரபும் இருந்தது. நீண்ட குழாய் வடிவ மண்மூசைக்குள் இரும்புத் துண்டோடு ஆவாரம் மரச் சீவல்களை வைத்து மூடி, மணிக்கணக்கில் காய்ச்சினால், மரத்தின் கரி இரும்பில் ஏறி உருக்காகும். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பக்கத்தில் அப்போது அந்த வேலையை அறிந்திருந்த கடைசிச் சிலரைச் செய்யவைத்துப் பார்த்து, 1908இல் வெளிவந்த தன் 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலில் பதிவு செய்தார். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாள்களைப் பற்றி எழுதிய அல்கிந்தி, சரந்தீப் உருக்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். சரந்தீப் என்பது இலங்கை. மேற்காசியக் கொல்லர்கள் மூசை உருக்கை வாளாக அடித்து முடித்த பிறகு இரும்பு சல்பேட்டுக் கனிமத்தின் கரைசலைப் பூசித்தான் அதன் நீரோட்டக் கோலத்தை வெளிக்கொண்டு வந்தார்கள். நம் அன்னபேதியின் உறவு அது. வாள் வாங்கியவர்கள் அந்தக் கோலத்தைப் பார்த்தே உருக்கின் வகையை மதிப்பிட்டார்கள். உருக்கைக் காய்ச்சிய மலைகளின் பெயர் மங்கிப்போய், மேற்காசிய நகரமான டமாஸ்கஸின் பெயரே உலகத்தில் நிலைத்தது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மூசை உருக்கு வேறு, அடுக்கிச் செய்த உருக்கு வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் பேசலாமா? வேறுதான், அந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. மூசை உருக்கின் கோலம், ஆறும்போது அதற்குள்ளேயே பிரிந்து, அடிக்க அடிக்க வரிசை கட்டி நிற்கும் கடினமான கார்பைடுத் துகள்களால் வருவது. அடுக்கு உருக்கின் கோலம் கொல்லர் கையால் அடுக்கி வைத்தது. சந்தையில் இரண்டையும் டமாஸ்கஸ் என்ற ஒரே பெயரில் விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான். ஆனால் அமிலம் அந்தக் குழப்பத்தை வளர்ப்பதில்லை, தீர்க்கிறது. துகள்களின் நுண்ணிய கொடிக்கோலமும் தகடுகளின் தொடர்ந்த கோடுகளும் அருகருகே வைத்தால் பழகிய கண்ணுக்கு வேறாகவே தெரியும். பழைய உலையிலிருந்து வந்த கட்டியில் மென்மையான பகுதியும் கரி ஏறிய பகுதியும் கலந்தே இருந்ததால், பிரித்தும் சேர்த்தும் ஒட்டியடிக்கும் வேலை அன்றைய கொல்லருக்குப் புதிதாக இருந்திருக்க முடியாது.

கோலத்தைப் போலியாகவும் செய்யலாமே என்பது இன்னொரு மறுப்பு. செய்கிறார்கள். ஒரே இரும்பில் அடித்த மலிவான அலகின் மேல் லேசர் கொண்டோ, மெழுகு போன்ற ஒன்றைப் பூசி அமிலத்தால் அரித்தோ வரிக்கோலம் பதித்து விற்கிறார்கள். இது என் வாதத்துக்கு எதிரான சான்றாக முதலில் தோன்றும். ஆனால் போலியைப் பிடிக்கும் வழியும் அமிலத்திடமே இருக்கிறது. உண்மையான அடுக்கு அலகின் முதுகைப் பாருங்கள். கோடுகள் முதுகுக்கு மேலேறிக் குறுக்குவெட்டில் அடுக்கடுக்காகத் தெரியும். போலியில் பக்கவாட்டில் மட்டும் கோலம் இருக்கும், முதுகு மொட்டையாக நிற்கும். ஒரு மூலையை நுண்தாளால் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு மறுபடி முக்கினால் உண்மையான அடுக்கு திரும்பி வரும், ஏனென்றால் அது மேற்பரப்பில் இல்லை, தடிப்பு முழுவதும் இருக்கிறது. போலியின் கோலம் போனது போனதுதான்.

மூன்றாவது மறுப்பு தேயிலை மலையிலிருந்தே வரும், அதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கவ்வாத்து வெட்டுபவருக்கு வேண்டியது கோலமல்ல, கூர். கிளை நசுங்காமல் ஒரே வீச்சில் வெட்டுப்பட வேண்டும். பிளந்த தண்டில் நீர் புகுந்து அழுகல் பிடிக்கும். அமிலத்தில் முக்கியதால் கத்தி கூடுதலாக வெட்டப்போவதில்லை. எண்ணெய் காட்டாவிட்டால் துருவும் ஏறும். இதெல்லாம் சரி. அப்படியானால் வெட்டுபவர்தான் தன் கத்தியில் உருக்கு எதுவரை இருக்கிறது என்று அறிய வேண்டிய முதல் ஆள். ஆண்டுக்கணக்கில் தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கும்போது, எங்கே உருக்குத் தீர்ந்து வெற்று இரும்பு தொடங்குகிறது என்பதை அந்தக் கறுப்புப் பட்டை காட்டும். தேயிலைத் தண்டின் சாறும் துவர்ப்பு நிறைந்தது. கரி மிகுந்த கத்தியில் அது தானாகவே கறையேற்றும். லொறி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி ஒரே உருக்கு. அதில் எல்லா இடமும் ஒரேபோல் கறுக்கும், அதுவும் ஒரு செய்திதான். நான் அஞ்சுவது வேறொன்றை. பயன்பட்டுத் தீர்ந்த ஃபெரிக் குளோரைடில் கரைந்த உலோகங்கள் இருக்கும். வீட்டுக் கொல்லையில் செய்பவர் அதை ஓடையில் ஊற்றினால் அது வளவைக்குப் போய்ச் சேரும். சலவைச் சோடா இட்டு முறித்து, அடியில் தங்கும் சேற்றைப் பிரித்து, கழிவு கையாளும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தக் குழாய்க்கு அருகே போகவே கூடாது.

அந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு மென்மையான வழி ஒன்று உண்டு. ஃபெரிக் குளோரைடில் முக்கி எடுத்த அலகின் கறுப்பை இன்னும் ஆழமாக்க, உலகெங்கும் கத்தி செய்பவர்கள் கடுங்காப்பியில் மணிக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். தேயிலைச் சாயத்திலும் செய்யலாம்; வெறும் சோதனைக்கு அந்தச் சாயத்தை மட்டும் பயன்படுத்திப் பார்க்கலாம். காப்பியும் தேயிலையும் ஊவா அடுத்தடுத்துக் கண்ட பயிர்கள்.  கையில் இருக்கும் கத்தி அடுக்கா, ஒரே உருக்கா என்று அறிய விரும்புபவர் பிடிக்கு அருகே வாய்வரை ஒரு சிறு இடத்தை 800ஆம் இலக்கத் தாளால் தேய்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, கெட்டியாகக் காய்ச்சிய சாயத்தண்ணியில் சிறிது தேசிக்காய்ப் புளி விட்டு, ஓர் இரவு அந்த இடத்தை அதில் நிறுத்தி வைக்கலாம். காலையில் துடைத்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பிடித்தால், வாயையொட்டி ஒரு கருமை தனியாகப் பிரிந்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.